தானடங்கி

உங்கள் அறை மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள் ஐயா. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகுகிறது. ஒரு ஸ்டூல் கொடுத்தால் நானே பார்த்துவிடுவேன், ஆனால் நான் சொல்லப்போவதைக் கேட்ட பிறகு நீங்கள் என்னை ஸ்டூலில் ஏறவிட மாட்டீர்கள். தொழில் புத்தி. எந்த அறைக்குள் நுழைந்தாலும், எது சத்தம் போடுகிறது என்றுதான் என் காது முதலில் தேடும். இந்தக் காதைப் பற்றிக் கடைசியில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னை யாரும் தேடிப் பிடிக்கவில்லை, நானாகத்தான் வந்தேன். மனைவியைத் தீயில் பறிகொடுத்தவன் என்று எல்லோரும் என்னிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். வாசலில் நின்ற உங்கள் காவலர்கூட எனக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார். அந்த விபத்தைப் பற்றி நீங்கள் எழுதிய அறிக்கையை என் மகள் வாசித்துக் காட்டினாள். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு வரியைத் தவிர. எரிவாயுவைத் தானாக மூட வேண்டிய திருகு பழுதடைந்ததே விபத்துக்குக் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. அந்த வரியைக் காட்டி, எல்லா வீடுகளிலும் அந்தத் திருகைக் கழற்றி எறியச் சொல்லி அடுப்புத் தொழிற்சாலை அறிவிப்புக் கொடுத்துவிட்டது. கழற்றவும் ஆரம்பித்துவிட்டார்கள். அதனால்தான் ஓடி வந்தேன்.

நான் அடுப்பு பழுது பார்ப்பவன். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அங்கிருந்து ஒரு குறுகிய நடை, நடையின் கோடியில் சமையலறை. மகள் தவழ்ந்துகொண்டிருந்த வயதில் ஒரு முற்பகல், நான் பட்டறையில் ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தேன். மனைவி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்துவிட்டது. வாயு மட்டும் வந்துகொண்டே இருந்தது. சமையலறைக்குப் பக்கத்து அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி இறங்கி வந்து, வாடை முகத்தில் அடிக்க, குழந்தையை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். குழந்தை துவண்டு கிடந்தது. அது வாய்விட்டு அழும்வரை எங்கள் இரண்டு பேருக்கும் உயிர் உடம்பில் இல்லை.

அந்தப் பயத்தில் பிறந்ததுதான் என் திருகு. பழைய கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல அதை முறுக்க வேண்டும். முறுக்கினால் வாயு திறக்கும். பிறகு டிக் டிக் என்று ஓடிக்கொண்டே மெல்லத் திரும்பி வந்து தானாக மூடிக்கொள்ளும். சமைக்க இன்னும் நேரம் வேண்டுமானால் மறுபடி முறுக்கிவிடலாம். ஆள் மறந்தாலும் அது மறக்காது. "தானா அடங்கிடுதுல்ல, தானடங்கின்னே பேரு வச்சிடுங்க" என்று சொன்னது என் மனைவிதான். தெருவில் எனக்கும் அதுவே பெயராகிவிட்டது. என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அடுத்த வீட்டுக்காரருக்கே தெரியாது, தானடங்கிக்காரர் வீடு எது என்றால் கைபிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். ஒரு தொழிற்சாலை அதைத் தன் அடுப்புகளில் பொருத்த ஆரம்பித்தது.

ஒரு பொருளைக் கண்டுபிடிப்பதைப் பெரிதாகச் சொல்வார்கள். அதைச் சாகாமல் வைத்திருப்பதுதான் கஷ்டம் ஐயா. நான் சும்மா இருக்கவில்லை. வயதானவர்கள் விரலுக்குப் பிடி கிடைக்கட்டும் என்று வரிகள் வைத்தேன். மங்கலான சமையலறைகளுக்காக இருட்டில் ஒளிரும் கோடு போட்டேன். மூடும்போது 'கிளிக்' என்று கேட்கும்படி செய்தேன். அந்தக் கிளிக் சத்தம் வயிற்றில் பாலை வார்த்தது போல இருப்பதாக ஒரு அம்மா சொன்னார். எனக்குப் பல நாளைக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனால் திருகை விற்றது வரிகளும் இல்லை, ஒளிரும் கோடும் இல்லை. என் மனைவிதான். குடியிருப்புகளில் பெண்கள் கூடும் இடங்களுக்கு அவளை அழைத்துப் போவேன். நான் திருகை மேசைமேல் வைத்துவிட்டு ஓரமாக நிற்பேன். அவள் அந்தப் பால் பொங்கிய கதையைச் சொல்வாள். "தூக்கினேன், பிள்ளை அசையல" என்ற இடத்தில் அவள் குரல் உடையும். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களின் கை தன்னையறியாமல் தொண்டைக்குப் போகும். யாராவது ஒருத்தி சத்தமில்லாமல் எழுந்து, தன் வீட்டு அடுப்பைப் பார்க்க ஓடுவாள். அவள் திரும்பி வந்து நேரே என் மேசைக்குத்தான் வருவாள்.

வருடங்கள் போகப் போக அவளிடமிருந்த பயம் போய்விட்டது. மகள் வளர்ந்து ஆளாகி, எதிர்த்துப் பேசி, கல்யாணமாகி, அடுத்த தெருவில் குடித்தனம் நடத்தினாள். மனைவி அந்தக் கதையை இப்போது வேடிக்கையாகச் சொன்னாள். "இதோ நிக்கிறா பாருங்க. அன்னிக்கே போயிருக்க வேண்டியவ, இன்னிக்கு எனக்கு உப்பு போடக் கத்துக் குடுக்கறா." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரும் எழுந்து வீட்டுக்கு ஓடவில்லை. மேசையில் வைத்த திருகுகளை அப்படியே பெட்டியில் போட்டு எடுத்துவந்தேன். அதே சமயம் தொழிற்சாலையில் புதுவகை அடுப்பு வந்தது. நெருப்பு அணைந்தால் அதுவே வாயுவை நிறுத்திவிடுமாம். அப்புறம் எதற்கு என் திருகு?

அப்போது எனக்கு வந்த பயத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. திரும்பி வந்த பெட்டிகள் பட்டறைச் சுவரோரம் அடுக்கி நின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பயம் வரும். குழந்தை துவண்டு கிடந்த அன்று எப்படி வந்ததோ அப்படித்தான். நீங்கள் புருவத்தைத் தூக்குகிறீர்கள். உண்மையைச் சொல்வது என்று வந்துவிட்டேன், இதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்.

பெட்டிகளைப் பார்த்து யோசித்ததில் ஒன்று விளங்கியது. என் திருகில் குறை இல்லை. மக்கள்தான் பயப்பட மறந்துவிட்டார்கள். எதையும் பராமரிக்க வேண்டும் என்றால் பயத்தையும்தானே பராமரிக்க வேண்டும்.

ஒரு மத்தியானம், அவள் குளிக்கப் போயிருந்தபோது, ஒரு பாத்திரத்தில் கொஞ்சம் பாலை ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டுப் பட்டறைக்கு வந்துவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். பால் பொங்கியது, நெருப்பு அணைந்தது, தானடங்கி தன் நேரத்துக்குக் கிளிக் என்று மூடிக்கொண்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அவள் வந்து பார்த்துப் பேயறைந்தது போல நின்றாள். "நான் பால் வைக்கவே இல்லையேங்க" என்றாள். "நீதான்மா வச்சே, நான் பார்த்தேனே" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள். அடுத்த கூட்டத்தில் அவள் குரல் பழையபடி உடைந்தது. இந்த முறை "பிள்ளை அசையல" என்ற இடத்தில் அல்ல, "எனக்கு ஞாபகமே இல்ல" என்ற இடத்தில். கொண்டுபோன பெட்டி காலியாகத் திரும்பி வந்தது.

அவள் சுலபமாக நம்பினாள் என்று உங்களுக்குத் தோன்றலாம். அதற்கும் காரணம் இருக்கிறது. முதல்முறை, குழந்தை இருந்தபோது, அந்தப் பாலை அடுப்பில் வைத்தவனும் நான்தான். தலைவலிக்கிறதே, சூடாக ஏதாவது குடிக்கலாம் என்று வைத்தேன். வாடிக்கையாளர் கூப்பிடவே மறந்து போனேன். தெருவில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவள் தலையிலடித்துக்கொண்டு, "பாவி நான், பாலை வச்சிட்டு மாடிக்குப் போயிட்டேன்" என்று அழுதாள். காலையில் அவளும் பால் காய்ச்சியிருந்தாள், அந்தக் குழப்பம். அவள் முந்திக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அழுகிறவளிடம் போய் அதைத் திருத்துவானேன் என்று விட்டுவிட்டேன். பிறகு திருகு வந்தது, கதை பிரபலமானது, அப்புறம் எப்படித் திருத்துவது?

இரண்டாவது முறைக்குப் பிறகு, அவள் குரல் தளரும்போதெல்லாம் கொஞ்சம் முடுக்கிவிட வேண்டியிருந்தது. அடுப்பு மட்டும் போதவில்லை. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக விட்டுவைத்தேன். குளியலறைக் குழாயைத் திறந்து வைத்தேன். வாசல் கதவைத் தாழ் நீக்கி வைத்தேன். எதிலும் ஆபத்து வராமல் பக்கத்திலேயே இருந்து கவனித்துக்கொண்டேன், அதில் நான் ஜாக்கிரதையானவன்.

அவள் பயந்துபோனாள். வீடே பயந்துபோனது என்று சொல்லலாம். கையை மோந்து பார்த்துக்கொண்டே நடப்பாள். அடுப்புத் திருகை மூடுவாள், மூடினேனா திறந்தேனா என்று திறந்து பார்ப்பாள், மறுபடி மூடுவாள், அழுவாள். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளிவிட்டு, தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என் கையைப் பார்த்தாலே எனக்குப் பயமா இருக்குங்க. வேற யாரோ ஒருத்தியோட கை மாதிரி இருக்கு. எனக்குத் தெரியாம என்னென்னவோ செய்யுது" என்றாள். பாவமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

மகள் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து பாட்டியின் மடியில் வைத்தால், "வேணாம்டி, என்கிட்ட குடுக்காதே, நான் எங்கயாவது வச்சிட்டு மறந்துடுவேன்" என்று பின்னால் நகர்வாள். குழந்தை இரண்டு கையையும் நீட்டும். இவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுவாள். மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா, அம்மாவைப் பார்த்தா எனக்கே பயமா இருக்குப்பா. எங்கயாவது பார்த்துக்கிற இடத்துல சேர்த்துடலாமா?" என்றாள். "நான் இருக்கேன்மா, நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். மருத்துவரும் என்னைத்தான் பாராட்டினார், இவ்வளவு பொறுமையான கணவர் கிடைப்பது அபூர்வம் என்று.

பொறுமையாகத்தான் இருந்தேன். திறப்பதும் மூடுவதுமாக அவள் அல்லாடுவதைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். "மூடுற வேலையே உனக்கு வேணாம்மா. சந்தேகம் வந்தா முழுசா முறுக்கிவிட்டுட்டு வந்துடு. அது தானா அடங்கிடும். முறுக்கிட்டா பத்திரம்." அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். சமையலறையைக் கடக்கும்போது டிக் டிக் கேட்டால் போதும், போய் ஒரு முறுக்கு. அவளுக்கு அது ஒரு நிம்மதி. எந்தத் திருகையும் அவள் கையால் மூடுவதே இல்லை என்று ஆகிவிட்டது.

இன்னொன்றும் வந்து சேர்ந்தது. இல்லாத வாடை அவளுக்கு வர ஆரம்பித்தது. "என்னங்க, கேஸ் வாடை வருதா?" என்று சமையலறையிலிருந்து கேட்பாள். எழுந்து போய்ப் பார்ப்பேன், ஒன்றும் இருக்காது. "ஒண்ணும் இல்லம்மா, உன் பிரமை" என்பேன். அது உண்மைதான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டால் எத்தனை தடவை எழுந்து போவது? பட்டறையில் உட்கார்ந்தபடியே சொல்லப் பழகிவிட்டேன். அவளும் தன் மூக்கை விட்டுவிட்டு என் வார்த்தையை நம்பப் பழகிவிட்டாள்.

அன்றைக்கு வருகிறேன். தொழிற்சாலை மேலாளர் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். திருகை அடியோடு நிறுத்தப்போவதை நேரில் சொல்லும் மரியாதைக்காக வருகிறார் என்று எனக்குத் தெரியும். அவரை வைத்துக்கொண்டே ஒன்று நடந்தால் நல்லது என்று பட்டது. திட்டம் மிக எளிது. சமையலறை ஜன்னலைச் சாத்தினேன். பின்பக்க பர்னரை, பற்றவைக்காமல், முழுதாக முறுக்கிவிட்டேன். முன்னால் பெரிய பாத்திரம் இருந்ததால் எதுவும் தெரியாது. திருகு ஓடி மூடிக்கொள்ளும். வாடை மட்டும் அறையில் நிற்கும். மேலாளரைக் கூட்டிக்கொண்டு போவேன், அவர் மூக்கைப் பொத்திக்கொள்வார், இவள் நடுங்குவாள். 'பாருங்க சார், இது இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்' என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

மேலாளர் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டார். பட்டறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அங்கே எப்போதும் மண்ணெண்ணெயும் கிரீஸும்தான் மணக்கும், வேறு எந்த வாடையும் எடுபடாது.

"கோவிச்சுக்காதீங்க சார்" என்று ஆரம்பித்தார். "உங்க திருகு தங்கமான பொருள்தான். ஆனா அதோட காலம் முடிஞ்சிடுச்சு. இப்ப யாருங்க அடுப்புக்குப் பயப்படறாங்க?"

"வீட்டம்மா கையால ஒரு டீ குடிச்சிட்டுப் பேசுவோம்" என்றேன்.

நடைக்கு அந்தப்பக்கம் டிக் டிக் கேட்டது. மூட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. மனைவி மாடியிலிருந்து இறங்கிச் சமையலறைக்குள் போனாள். சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். பயந்திருக்கிறாள். நான் சொல்லிக் கொடுத்ததைச் செய்தாள். கர்ர் என்று முறுக்கும் ஓசை வந்தது.

பிறகு அவள் குரல். "என்னங்க, கேஸ் வாடை வருதா?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன். வாய் பழக்கம்.

மறுபடி கர்ர். மேலாளர் புது அடுப்பின் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார், எதுவும் என் காதில் ஏறவில்லை. என் திருகில் ஒரு பிசகு இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மறதிக்காரர்களை நினைத்து அதைச் செய்தேன். பயந்தவர்கள் கையில் அது மூடவே மூடாது என்று நான் யோசித்ததில்லை. ஒருமுறை முறுக்கினால் முழுதாக அடங்கும்வரை மறுமுறை முறுக்க முடியாதபடி ஒரு பல்சக்கரம் வைத்தால் சரியாகிவிடும். அந்தச் சக்கரம் எங்கே உட்கார வேண்டும் என்று மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல யோசனை ஐயா, அடுத்த வகையில் சேர்க்கலாம்.

"வாடை நிறைய வர்ற மாதிரி இருக்குங்க. எனக்குப் பயமா இருக்கு. நிஜமாவே ஒண்ணும் இல்லையா?"

"பிரமைம்மா."

மேலாளர் இரக்கத்தோடு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவருக்கும் அவள் கதை தெரியும்.

கடைசியாக அவள் கேட்டாள், சின்னப் பிள்ளை அனுமதி கேட்பது போல. "அப்போ அடுப்பைப் பத்த வைக்கட்டுமாங்க?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மேலாளர் கேட்பார். அதோடு எல்லாம் போய்விடும், திருகு, கதை, அத்தனையும். எழுந்து ஓடியிருக்கலாம். அதற்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

"பத்த வைம்மா" என்றேன்.

மேலாளர்தான் முதலில் ஓடினார், பாவம், கையைச் சுட்டுக்கொண்டார். அவர் நல்ல மனிதர், அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். மகள் இப்போது தன் வீட்டில் அடுப்பே பற்றவைப்பதில்லை. சிலிண்டரை வெளியில் உருட்டி வைத்துவிட்டாள். அப்படியும் அதன் மூடியைத் தடவித் தடவிப் பார்க்கிறாள். அன்றைக்கு அறிக்கையை வாசித்து முடித்துவிட்டு, "அம்மாவைக் கொன்னது உங்க திருகாப்பா?" என்று கேட்டாள். அவள் அம்மாவின் குரல் உடைவது போலவே அவள் குரலும் உடைந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு வேதனையான ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை. திருகைப் போய் அப்படிச் சொல்லலாமா?

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். அதற்குள் வாயு மூடியிருக்கும் என்று நம்பித்தானே பற்றவைக்கச் சொன்னாய் என்று எனக்காக நீங்களே ஒரு வழி திறந்து வைக்கிறீர்கள். நன்றி ஐயா. ஆனால் அப்படி எழுதினால், மூட வேண்டிய நேரத்தில் அது மூடவில்லை என்றுதான் ஆகும். பழி மறுபடி அதன் தலையில்தான் விழும்.

நான் நம்பவில்லை. பத்த வை என்று சொன்ன அந்த நிமிஷம் அது ஓடிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. முன்னறைவரை கேட்டது. கடைசியாக அவள் முறுக்கியது முழு முறுக்கு, அதற்கு இன்னும் நேரம் பாக்கி இருந்தது. ஒரு துடிப்புகூடத் தவறாமல், டிக் டிக் என்று, செய்தபோது எப்படி ஓடியதோ அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அதில் பழுது எதுவும் இல்லை. அதை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.